கீரைப் புத்தகமும் விடுபட்ட ஒரு வரியும்

கீரைகளைப் பற்றிய சின்னப் புத்தகம் அது. 64 பக்கம், நாலு ஃபாரம், 1000 பிரதி. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் குழந்தைகளுக்காக எழுதியது. முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் என்ன வித்தியாசம், பொன்னாங்கண்ணி எந்த மாதிரி இடத்தில் தானாக வளரும், அகத்திக்கீரையின் கசப்பை வீட்டில் எப்படிக் குறைப்பார்கள் என்று அழகாக எழுதியிருந்தார். நான் திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். லேஅவுட், அட்டை, படங்கள் மூன்றும் என் பொறுப்பில் இருந்தன. ஓவியருக்குக் கொடுக்கப் பதிப்பாளரிடம் பணம் இல்லை. ‘நெட்ல நல்ல படமா பார்த்துப் போட்டுடுங்க’ என்றார். போட்டேன். உள்ளே 21 படம், அட்டையில் ஒன்று. கூடையில் கீரைக்கட்டு வைத்திருக்கும் ஒரு பெண்ணின் ஓவியம் அது. புத்தகத்தைக் கையில் வாங்கிய எல்லோரும் முதலில் அட்டையைத்தான் பாராட்டினார்கள்.

வெளிவந்து மூன்று மாதம் கழித்து, ஐரோப்பாவில் இருக்கும் ஒரு ஓவியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் புத்தகத்தை ஏதோ ஒரு இணையப் புத்தகக் கடையில் பார்த்திருக்கிறார். அட்டையில் இருப்பது தன் ஓவியம், இன்னொரு நாட்டில் இன்னொரு மொழியில் அதைப் பார்ப்பதில் சந்தோஷம் என்று தொடங்கியிருந்தார். அப்புறம் இரண்டு கேள்விகள். பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினீர்களா? இல்லையென்றால், என் பெயர் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. கோபமான கடிதமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

பழைய ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு படத் தளத்தின் இலவசக் கணக்கில் இறக்கிய ஜிப் கோப்பு அப்படியே கிடந்தது. அதற்குள் படத்தோடு ஒரு சின்ன உரைக் கோப்பும் இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை கோப்புகள் என் கணினிக்கு வந்திருக்கும், ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். நாலே பத்தி. இலவசமாக எடுப்பவர்கள் ஓவியர் பெயரையும் தளத்தின் பெயரையும் படைப்பில் தெரியும்படி குறிப்பிட வேண்டும், அச்சுப் புத்தகம் என்றால் விவரப் பக்கத்தில் போடலாம், பெயர் போடாமல் பயன்படுத்த வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். இவ்வளவுதான். அதாவது அந்தப் படம் இலவசமே இல்லை, அதன் விலை ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் நான் கொடுக்கவில்லை.

பதிப்பாளருக்கு போன் செய்தேன். இப்போது பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டார். புதிதாக வாங்கும் லைசென்ஸ், ஏற்கெனவே அச்சாகி விற்றுப்போன பிரதிகளைத் தானாகச் சரிசெய்துவிடாது. அதற்குச் சம்பந்தப்பட்டவரிடமே பேச வேண்டும். நடந்ததை மறைக்காமல் ஓவியருக்கு எழுதினேன்: 1000 பிரதி அச்சிட்டோம், 360 விற்றுவிட்டது, 640 கையில் இருக்கிறது, நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். கையிலிருக்கும் பிரதிகளில் பெயரை ஒட்டுங்கள், மின்னூலில் திருத்துங்கள், கடைப் பக்கத்தில் புத்தக விவரத்தோடு என் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. பணம் கேட்கவில்லை. ‘எனக்கு அடுத்த வேலை கிடைப்பது என் பெயரைத் தேடி வருகிறவர்களால்தான்’ என்று ஒரு வாக்கியம் மட்டும் எழுதியிருந்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அது புத்தகத்தில் இருந்தால் போதும், இந்தச் சம்பவத்தோடு சேர்ந்து வர வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதுதான்.

ஸ்டிக்கர் அடித்தோம். இரண்டு சாயங்காலம் பதிப்பாளர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து 640 பிரதியிலும் 4ஆம் பக்கத்தில் ஒட்டினோம். டீச்சரும் வந்தார். ‘வேண்டாம் டீச்சர், நாங்க பார்த்துக்கிறோம்’ என்றேன். ‘என் பேர் அட்டையில இருக்கு தம்பி, அவங்க பேர் எங்கேயுமே இல்லை. நான் ஒட்டாம வேற யார் ஒட்டுறது?’ என்றார். விற்றுப்போன 360 பிரதிகளுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒட்டி முடித்த கையோடு மற்ற 21 படங்களையும் ஒவ்வொன்றாகத் துருவினேன். அங்கேதான் உண்மையில் கற்றுக்கொண்டேன்.

எட்டு படங்கள் அதே தளத்திலிருந்து வந்தவை, அதே நிபந்தனை. அவற்றின் ஓவியர்கள் பெயரையும் அந்த ஸ்டிக்கரிலேயே அடித்திருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை. இன்னொரு சீட்டு அச்சிட்டுப் பிரதிகளுக்குள் வைத்தோம். நான்கு படங்கள் பெயர் கட்டாயமில்லை என்று சொல்லும் தளங்களிலிருந்து வந்தவை. ஆறு படங்கள் விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸிலிருந்து வந்தவை. மீதி மூன்று எங்கிருந்து எடுத்தேன் என்றே தெரியவில்லை. கூகுளில் தேடி, கண்ணில் பட்டதை எடுத்திருக்கிறேன். படத்தை வைத்து மூலத்தைத் தேடியதில் ஒன்று மட்டும் தெரியவந்தது. யாரோ ஒருவர் தன் தளத்தில் விற்பனைக்கு வைத்திருக்கும் ஓவியத்தை, வேறொருவர் எடுத்து இலவசம் என்று எங்கேயோ ஏற்றியிருந்தார். அந்த மூன்றையும் அடுத்த பதிப்பிலிருந்து நீக்கினேன். மின்னூலில் அன்றைக்கே நீக்கிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் புத்தகங்களிலும் சிற்றிதழ்களிலும் ‘படங்கள்: இணையம்’, ‘நன்றி: கூகுள்’ என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். நானே பல புத்தகங்களில் அடித்திருக்கிறேன். அது நன்றி இல்லை. கூகுள் தேடித் தரும் கருவி, படத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. இந்தப் படம் யாருடையது என்று நாங்கள் பார்க்கவில்லை என்பதை நாமே அச்சடித்து ஒப்புக்கொள்கிற வரி அது.

விக்கிமீடியா காமன்ஸ் படங்களில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில் இருக்கும். சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே முன்கூட்டித் தரும் அனுமதி அது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எந்த உரிமம் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் ‘விக்கிப்பீடியா படம்தானே’ என்று எடுப்பது தவறு. ‘பை’ என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் படத்தை மாற்றி வெளியிட்டால் மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். இதைக் கேட்டதும் பதிப்பாளர் பயந்துவிட்டார், ஒரு படம் போட்டதற்காகப் புத்தகம் முழுவதையும் பொதுவில் விட வேண்டுமா என்று. படத்தை மாற்றாமல் எழுத்தோடு சேர்த்து வைப்பதால் மட்டும் புத்தகம் முழுவதும் அந்த உரிமத்துக்குள் போய்விடாது. நான் அரைக்கீரைப் படத்தின் பின்னணியை நீக்கி நிறத்தை மாற்றியிருந்தேன். அந்த மாற்றிய படம்தான் ‘எஸ்ஏ’வுக்குள் வரும், மாற்றியதையும் குறிப்பில் சொல்ல வேண்டும்.

‘என்சி’ என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அது இருந்தால் விலை வைத்து விற்கும் புத்தகத்துக்கு நான் தொடுவதே இல்லை. ‘லாபமே வரலையே’ என்று சிலர் வாதிடுவார்கள். லாபம் வந்ததா என்பதல்ல கேள்வி, அந்தப் பயன்பாடு வணிக நோக்கில் நடக்கிறதா என்பதுதான். காமன்ஸில் ‘என்சி’ படங்களை ஏற்றவே விட மாட்டார்கள், மற்ற தளங்களில்தான் இந்தக் கவனம் வேண்டும். ‘என்டி’ என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது. இந்தச் சிசி உரிமங்களின் 2013இல் வந்த 4.0 பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நிபந்தனையை மீறினால் உரிமம் போய்விடும், ஆனால் மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். ஆகவே யாராவது எழுதிக் கேட்டால் வாதம் செய்து நாளைக் கடத்தாமல் உடனே திருத்துவது நல்லது.

பெயர் போடத் தேவையில்லை என்று சொல்லும் தளங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. விதிகள் மாறும். அன்ஸ்ப்ளாஷ் 2017 வரை படங்களை எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோவில் கொடுத்தது, பிறகு தனக்கென ஓர் உரிமம் வைத்துக்கொண்டது. பிக்சாபே 2019 ஜனவரியில் அதையே செய்தது. எனவே எந்தத் தேதியில் இறக்கினோம், அன்றைக்கு அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு நம்மிடம் சாட்சி வேண்டும். இப்போது ஒரு படத்தை இறக்கும்போதே அந்தப் பக்கத்தையும் உரிமப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கி அதே ஃபோல்டரில் போடுகிறேன். கோப்பின் பெயரை மாற்றி ஓவியர் பெயர், தளம், தேதி மூன்றையும் அதிலேயே சேர்த்துவிடுகிறேன். ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். லேஅவுட் முடிந்த பிறகு செய்யலாம் என்று தள்ளினால் நடக்கவே நடக்காது, எனக்கு நடந்ததில்லை.

காசு கட்டி வாங்கும் தளங்களில் ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற சொல் நம் ஆட்களை ரொம்பவே ஏமாற்றுகிறது. ‘ஃப்ரீ’ என்று பார்த்ததும் இலவசம் என்று நினைக்கிறார்கள். ஒரு தடவை கட்டணம் கட்டினால், அதன்பிறகு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக ராயல்டி கட்ட வேண்டாம் என்பதுதான் அதற்குப் பொருள். கட்டணம் உண்டு, வரம்பும் உண்டு. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டிலுமே சாதாரண லைசென்ஸில் அச்சுப் பிரதிகளுக்கு 5 லட்சம் என்று வரம்பு இருக்கிறது. 1000, 500 என்று அச்சடிக்கிற நமக்கு அது ஒரு தடையே இல்லை. நாம் மாட்டுவது வேறு இடத்தில்.

கீரைப் புத்தகத்தின் மறுபதிப்புக்கு அட்டைப் படத்துக்குப் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினோம். உடனே பதிப்பாளருக்கு ஒரு யோசனை: அதே படத்தை வைத்துக் காலண்டர் அடித்துப் புத்தகக் காட்சியில் விற்கலாம். பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் புத்தகத்தில் எழுத்துக்குத் துணையாக வரும் படம் வேறு, படத்துக்காகவே ஒருவர் காசு கொடுத்து வாங்கும் காலண்டர், கோப்பை, சட்டை, போஸ்டர் வேறு. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலான தளங்களில் ‘என்ஹான்ஸ்டு’, ‘எக்ஸ்டெண்டட்’ என்று தனி லைசென்ஸ் வாங்க வேண்டும், விலை பல மடங்கு. காலண்டர் யோசனையைக் கைவிட்டோம். புத்தகக் குறியட்டை விற்கிற பதிப்பகங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பது. வடிவமைப்பாளர் தன் சந்தாவில் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், பதிப்பாளர் கையில் ஒரு தாள்கூட இருக்காது. இப்போது நான் பில்லை அடிக்கும்போது ஒவ்வொரு படத்தின் ரசீதையும் இணைத்துத்தான் அனுப்புகிறேன். ‘எடிட்டோரியல் ஒன்லி’, அதாவது செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும், என்று குறித்திருக்கும் படங்களை அட்டைக்கோ விளம்பரத்துக்கோ எடுப்பதில்லை.

ஒரு வருடம் நந்தனம் புத்தகக் காட்சியில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கடையின் வாசலில் எங்கள் அட்டைப் பெண் நின்றாள். அதே கூடை, அதே கீரைக்கட்டு. சமையல் புத்தகம். முதலில் திக்கென்றது, பிறகு யோசித்தால் இதில் யார் தப்பும் இல்லை. நாங்கள் வாங்கியது பயன்படுத்தும் அனுமதி, தனியுரிமை இல்லை. அவர்களும் முறையாக வாங்கியிருக்கலாம். ஆனால் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஓவியர் பெயர் எங்கேயும் இல்லை. கடையில் இருந்த தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டார்.

பணம் கட்டி வாங்கினால் பெயர் போட வேண்டிய கட்டாயமில்லை என்று பல தளங்கள் சொல்கின்றன. நான் போடுகிறேன். கட்டணம் என்பது பயன்படுத்துவதற்கு. வரைந்தவர் யார் என்று சொல்வது அதிலிருந்து தனி. அதேபோல, பெயர் போட்டுவிட்டதாலேயே அனுமதி கிடைத்துவிடாது. ‘ஓவியர் பேரைத்தான் போட்டிருக்கோமே’ என்று அனுமதி இல்லாத படத்துக்குச் சமாதானம் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு கடன், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை அடைக்க முடியாது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. பதிப்புரிமையை முழுவதும் எழுதிக்கொடுத்த பிறகும், இது என் படைப்பு என்று உரிமை கோருவதும், பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுப்பதும் படைப்பாளியிடமே இருக்கும் என்கிறது 57ஆம் பிரிவு. விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பம் சிதைக்கப்பட்டதற்காக அமர் நாத் சேகல் போட்ட வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

பெயரை எங்கே, எப்படிப் போடுவது என்பதற்கு எனக்கு வழிகாட்டியது பிரதம் புக்ஸ் நடத்தும் குழந்தைக் கதைத் தளமான ஸ்டோரிவீவர். அங்கே கதைகள் சிசி பை 4.0 உரிமத்தில் இருக்கின்றன. அட்டையில் எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரும் வரும். கடைசியில் எந்தப் பக்கத்தில் எந்தப் படம், யார் வரைந்தது, என்ன உரிமம் என்று ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் செய்கிறேன். அட்டை ஓவியம் 4ஆம் பக்கத்தில், உள்படங்கள் கடைசிப் பக்கத்தில். ‘பக்கம் 14: படத்தின் தலைப்பு, ஓவியர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0, நிறம் மாற்றப்பட்டது’ என்கிற மாதிரி. வெளிநாட்டு ஓவியர் என்றால் பெயரைத் தமிழில் எழுதி, கீழேயே அவர் எழுதுகிற எழுத்திலும் போடுவேன். தமிழில் மட்டும் போட்டால் அவர் தேடினால் கிடைக்காது, யாராவது அவரைத் தேட நினைத்தாலும் கிடைக்காது. மின்னூலில் மூலப் பக்கத்துக்குச் சுட்டியும் கொடுக்கிறேன். இத்தனைக்கும் அரைப் பக்கம் போதும். ‘பக்கம் கூடுது தம்பி’ என்று அச்சகத்து அண்ணன் சொன்னால், முன்னுரையில் நாலு வரி குறைக்கச் சொல்கிறேன்.

டீச்சரின் அடுத்த புத்தகம் நீலகிரிச் செடிகளைப் பற்றியது. இந்தத் தடவை ஆரம்பத்திலேயே படங்களைப் பற்றிப் பேசினோம். பாதிப் படங்களை உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் வரையச் சொன்னோம். ஒரே ஒரு தாளில், தமிழில், ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம்: எந்தெந்தப் படங்கள், அச்சுக்கும் மின்னூலுக்கும், எத்தனை வருடம், எந்தெந்த நாடு, எவ்வளவு பணம், பெயர் எந்தப் பக்கத்தில், மூல ஓவியத்தைத் திருப்பிக் கொடுப்பது. வருடமும் நாடும் எழுதாமல் விட்டால் உரிமை மாற்றம் 5 வருடத்துக்கும் இந்தியாவுக்கும் மட்டும்தான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். நட்பில் வாய்வார்த்தையாக முடித்துவிட்டுப் பிறகு மனம் கசந்தவர்களை எனக்குத் தெரியும்.

மீதிப் படங்களுக்கு 19ஆம் நூற்றாண்டுக்குப் போனோம். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக மதராஸ் மாகாணத்துக்கு வந்து, கோயம்புத்தூரில் பல வருடம் இருந்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களை 2000க்கும் மேற்பட்ட படங்களோடு மதராஸிலேயே அச்சிட்டு வெளியிட்டார். பல்லுயிர் மரபு நூலகத்தின் (பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி) தளத்தில் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நம் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 வருடம்தான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பெயர் போடச் சொல்லி எந்தக் கோப்பும் கூட வராது.

ஆனால் அந்தப் படங்களின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சின்ன எழுத்தில் பெயர் இருக்கிறது: ரங்கையா, கோவிந்து. வைட்டுக்காக வரைந்த நம் ஊர் ஓவியர்கள். அதற்கு முன்பே, 1795இல் தொடங்கி வெளிவந்த, தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் தொகுதிகளில் 300 படங்கள் இருக்கின்றன. அவற்றை வரைந்த இந்திய ஓவியர்கள் பெயரை அங்கே தேடினால் கிடைக்காது. வைட் பெயரை அச்சிட்டதோடு நிற்காமல், ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். இதை டீச்சரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே மூன்று ஓவியர்களின் பெயரும் வர வேண்டும் என்றார். வந்தது: எங்கள் ஓவியர், ரங்கையா, கோவிந்து.

கீரைப் புத்தகத்தின் திருத்திய பதிப்பு வந்ததும் அந்த ஐரோப்பிய ஓவியருக்கு இரண்டு பிரதி தபாலில் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து ஒரு படம் அனுப்பியிருந்தார். 4ஆம் பக்கம், அவர் பெயர் இருக்கும் இடத்தில் விரல் வைத்து எடுத்த படம். மேலே தமிழில் இருப்பதும் தன் பெயர்தானா, அதை எப்படி வாசிப்பது என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, கீழே ஒலியை எழுதி அனுப்பினேன்.